இலையைப் பிடித்தார்கள், ஆலையை விட்டார்கள்!

அமெரிக்க நாட்டின் நெடுஞ்சாலையிலே ஒரு பெட்ரோல் பங்க். இரவு வேலை முடித்து வீடு திரும்பும் தொழிலாளி ஒருவன் காசு கட்ட உள்ளே நுழைகிறான். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலே, சூயிங்கம்முக்கும் சிகரெட் லைட்டருக்கும் நடுவே, கண்ணைப் பறிக்கும் வண்ணக் காகிதத்திலே மிட்டாய்ப் பொட்டலம். அதன்மேல் கஞ்சா இலைப் படம். அதற்கு அடுத்தாற்போல் பச்சைத் தூள் அடைத்த குப்பி. அதற்கும் அடுத்தாற்போல் விரல் உயரச் சீசாவிலே ஒரு கஷாயம். டாக்டர் சீட்டுத் தேவையில்லை. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஒழுங்காக எழுதியிருக்க வேண்டுமென்ற கட்டாயமும் பல மாநிலங்களில் நெடுநாள் இருந்ததில்லை. வாங்கலாம், வாயில் போடலாம், வண்டியையும் ஓட்டலாம்!

அதே தொழிலாளி, அதே பச்சைத் தூளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜார்ஜியா மாநிலத்திலிருந்து பக்கத்து அலபாமாவுக்குள் கால் வைத்தால்? கைவிலங்கு! ஜார்ஜியா 2019-இல் விதி வகுத்து விற்க விட்ட சரக்கை, அலபாமா 2016-லேயே ஹெராயின் இருக்கும் பட்டியலில் சேர்த்துத் தடை செய்துவிட்டது. ஒரே நாடு, ஒரே தூள், கோட்டுக்கு இந்தப் பக்கம் வியாபாரம், அந்தப் பக்கம் குற்றம்!

"அமெரிக்காவில் எவன் எதைத் தின்றால் நமக்கென்ன?" என்று தோழர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. அந்நாட்டு மிட்டாயின் ருசியைப் பற்றி எழுத நாம் உட்காரவில்லை. ஒரு சட்டம் யாரைப் பிடிக்கிறது, யாரை விடுகிறது என்பதை இவ்வளவு பளிச்சென்று காட்டும் பாடம் அண்மையில் வேறு எதுவும் நம் கண்ணில் படவில்லை. நாளை நம்மிலே பலர் சட்டம் செய்யும் இடத்திலும் இருப்பீர்கள்; சட்டத்தை எதிர்த்துத் தெருவிலும் நிற்பீர்கள். இரு சாராருக்கும் இந்தப் பாடம் உதவும். ஆகவே எழுதுகிறோம்.

செடி ஒன்று, பெயர் இரண்டு

முதற் சரக்கின் பெயர் ஹெம்ப். நம்மூர்க் கோணிப்பைச் சணலை எண்ணிவிட வேண்டாம். அது வேறு செடி. அவர்கள் ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியேதான். நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்கப்படும் வகை. மயக்கம் தரும் டி.எச்.சி. என்ற பொருள் மிகமிகக் குறைவாக உள்ள வகை.

இந்தச் செடியை அமெரிக்க ஆட்சியாளர்கள் நடத்திய விதம் ஒரு வேடிக்கைக் கதை. 1937-இல் வரிச் சட்டம் என்ற பெயரில் கழுத்தை நெரித்தார்கள். 1942-இல் யுத்தத்துக்குக் கயிறு வேண்டியிருந்தது. உடனே அரசாங்கமே சினிமாப் படம் எடுத்து, "பயிரிடு, பயிரிடு" என்று விவசாயியைத் தட்டிக் கொடுத்தது. யுத்தம் முடிந்தது, செடி மறுபடி குற்றவாளியாயிற்று. 1970-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவையும் ஹெம்ப்பையும் ஒரே கூண்டில் அடைத்தது.

கூண்டு திறந்தது 2018 டிசம்பர் 20-இல். அன்று கையெழுத்தான விவசாயச் சட்டம், உலர்ந்த எடையில் டெல்டா-9 டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேல் இல்லாத கஞ்சாச் செடி எல்லாம் ஹெம்ப் என்றும், அது போதைப்பொருள் அன்று என்றும் விளக்கம் தந்தது. இதற்கு முன்னின்று பாடுபட்டவர் கென்டக்கி மாநில செனட்டர் மிட்ச் மக்கானல். புகையிலைப் பயிர் நலிந்துபோன தம் மாநில விவசாயிக்கு மாற்றுப் பயிர் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். ஹெம்ப்பினால் செய்த பேனாவிலே கையெழுத்துப் போட்டுப் பெருமிதமும் கொண்டார். காரணம் நல்ல காரணம்தான். நாம் குறை சொல்லமாட்டோம். குறை அடுத்த வரியிலே இருக்கிறது.

வேலி போட்டார்கள்; வாசலுக்குக் கதவு வைக்கவில்லை!

0.3 சதவீதம் என்பது வயலில் நிற்கும் செடியை அளக்கப் போட்ட கணக்கு. வியாபாரி அந்தக் கணக்கைச் செடியிலிருந்து கழற்றி எடுத்து மிட்டாய்க்கு மாட்டிவிட்டான்! கணக்கைப் பாருங்கள். 4 கிராம் எடையுள்ள ஒரு மிட்டாயிலே 0.3 சதவீதம் என்றால் 12 மில்லிகிராம். 50 கிராம் சாக்லெட் கட்டியிலே 150 மில்லிகிராம். 355 கிராம் பானத்திலே ஆயிரம் மில்லிகிராமுக்கும் மேல்! இதே சரக்குக்குப் பின்னால் மின்னசோட்டா மாநிலம் ஒரு வேளைக்கு விதித்த அளவு வெறும் 5 மில்லிகிராம். அப்படியானால், சட்டத்தை ஒரு புள்ளிகூட மீறாமல் 200 பேருக்குப் போதுமான மயக்கத்தை ஒரே டப்பாவில் அடைக்கலாம் என்பதல்லவா பொருள்? போதையைக் குறைக்கச் சொன்ன சட்டத்துக்கு, வியாபாரி மிட்டாயின் எடையைக் கூட்டிப் பதில் சொன்னான்!

இது முதல் வாசல். இரண்டாவது வாசல் இன்னும் அகலம். சட்டம் டெல்டா-9 என்ற ஒரே ஒரு பொருளின் பெயரைச் சொன்னது. சும்மா இருப்பானா வியாபாரி? 2019-இல் ஹெம்ப் பயிர் அளவுக்கு மிஞ்சிப் பெருகியது. அதிலிருந்து எடுக்கும் சி.பி.டி. என்ற மயக்கம் தராத சாறு விலை சரிந்தது. மாற்றுப் பயிர் என்று நம்பி நட்ட விவசாயியின் தலையிலே துண்டு. ஆனால் மலிந்து கிடந்த அந்தச் சாற்றை வாங்கிய ரசாயனக் கூடத்துக்காரன் அதிலே அமிலத்தைக் கலந்தான். டெல்டா-8 என்ற மயக்கப் பொருளாக்கினான். செடியிலே மருந்துக்கும் காணாத பொருளை ஆலையிலே பீப்பாய் பீப்பாயாக வடித்துவிட்டு, "இதுவும் ஹெம்ப்தான்; சட்டப் புத்தகத்தைப் பார்!" என்றான். மூன்றாவது வாசல் டி.எச்.சி.ஏ. என்பது. பச்சையாக அளந்தால் அது டி.எச்.சி. கணக்கில் வராது, நெருப்பு வைத்தவுடன் டி.எச்.சி. ஆகிவிடும்! அளப்பவன் நெருப்பு வைப்பதில்லை; வாங்குபவன் நெருப்பு வைக்காமல் இருப்பதில்லை!

வழக்கும் வந்தது. 2022 மே மாதம் ஒன்பதாவது வட்ட அப்பீல் கோர்ட்டு, சட்டத்தின் எழுத்துப்படி டெல்டா-8 சரக்கும் ஹெம்ப்பில் அடங்கும், ஓட்டை இருந்தால் அதை அடைக்க வேண்டியது நாடாளுமன்றமே என்று கையை விரித்துவிட்டது. கோர்ட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எழுதியவன் விட்ட ஓட்டையைப் படிப்பவன் எப்படி அடைப்பான்?

அந்த ஓட்டை வழியாக வெளியேறியது எது, தோழர்களே? பணம். உள்ளே வந்தது எது? குழந்தைகளின் நோய்! 2021 ஜனவரி முதல் 2022 பிப்ரவரி முடியப் பதினான்கே மாதங்களில், டெல்டா-8 தின்றவர் பற்றி அந்நாட்டு நஞ்சுத் தடுப்பு நிலையங்களுக்கு வந்த செய்திகள் 2,362. அவர்களில் 41 சதவீதம் பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர். மேசைமேல் கிடந்த மிட்டாயை மிட்டாய் என்றுதானே குழந்தை நினைக்கும்? குழந்தைக்குச் சட்டம் தெரியுமா, சதவீதம் தெரியுமா?

மத்திய அரசு தூங்கியது, மாநிலங்கள் விழித்தன

வாஷிங்டன் கண்மூடி இருந்த அந்த ஆண்டுகளிலே பொறுப்பைச் சுமந்தவை மாநிலங்கள். அவை எல்லாம் ஒரே வழியில் போகவில்லை. அதனாலேயே அவற்றிடம் கற்க நிறைய இருக்கிறது.

மின்னசோட்டா 2022 ஜூலையில் ஒரு வழி காட்டியது. சதவீதக் கணக்கை ஒதுக்கிவிட்டு மில்லிகிராம் கணக்குக்கு வந்தது. ஒரு வேளைக்கு 5. ஒரு பொட்டலத்துக்கு 50. இருபத்தொரு வயதுக்குக் கீழே விற்காதே! யாருக்கும் விளங்கும் கணக்கு. மிட்டாயைக் கனமாக்கி ஏமாற்ற முடியாத கணக்கு. கென்டக்கியும் 2023-இல் இருபத்தொரு வயது என்ற வரம்பு கட்டியது.

கலிபோர்னியா 2024 செப்டம்பரில் வேறு வழி போயிற்று. ஹெம்ப் உணவிலும் பானத்திலும் டி.எச்.சி. தென்படவே கூடாது என்று அவசர விதி போட்டது.

டெக்சாசில் நடந்தது நாடகத்திலும் நாடகம். 2019-இல் ஹெம்ப்பை அனுமதித்த அதே சட்டசபை, 2025-இல் ஒட்டுமொத்தத் தடை மசோதாவை நிறைவேற்றியது. துணை கவர்னர் டான் பேட்ரிக் தடை வேண்டும் என்று நின்றார். கவர்னர் கிரெக் அபாட், ஜூன் 22 நள்ளிரவுக் கெடு முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், மசோதாவை ரத்து செய்தார். இருவரும் ஒரே கட்சி! பிறகு இரண்டு சிறப்புக் கூட்டங்கள் கூட்டியும் முடிவு பிறக்கவில்லை. செப்டம்பர் 10-இல் கவர்னர் உத்தரவு ஒன்று போட்டு, இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோருக்கு விற்பனை கூடாது என்றார். ஆறாண்டுக் காலம் கடை திறந்து வியாபாரம் நடந்த பிறகுதான், பிள்ளைகளுக்கு விற்காதே என்ற முதற் சொல் பிறந்தது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய சொல் அல்லவா அது?

கடைசியாக வாஷிங்டனும் கண்விழித்தது. 43 நாள் அரசாங்க அலுவலகங்களை மூட வைத்த தகராறு முடிந்து, 2025 நவம்பர் 12-இல் கையெழுத்தான செலவினச் சட்டத்தின் நடுவிலே ஹெம்ப்புக்குப் புது விளக்கம் செருகப்பட்டது. இனி டெல்டா-9 மட்டும் கணக்கல்ல; எல்லா டி.எச்.சி.யும் கணக்கு. ஆலையில் செயற்கையாக ஆக்கியது ஹெம்ப் ஆகாது. விற்பனைச் சரக்கிலே ஒரு டப்பாவுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. ஓராண்டு கழித்து நடைமுறை என்று எழுதினார்கள். இதற்கு முன்னின்றவர் யார் தெரியுமா? 2018-இல் ஹெம்ப் பேனாவால் கையெழுத்திட்ட அதே மக்கானல்! அதே கென்டக்கியின் மற்றொரு செனட்டர் ராண்ட் பால் அந்தப் பகுதியை நீக்கத் திருத்தம் கொண்டுவந்தார்; 76-க்கு 24 என்ற வாக்கில் அது ஒதுக்கப்பட்டது.

ஆலைச் சரக்கு ஹெம்ப் ஆகாது என்ற பகுதியை நாம் வரவேற்கிறோம். ஆனால் நேற்றுவரை ஆயிரம் மில்லிகிராம் என்றாலும் கேள்வியில்லை; நாளை அரை மில்லிகிராம் என்றாலும் குற்றம்! மூட்டுவலிக்கு சி.பி.டி. எண்ணெய் தடவும் கிழவியின் சீசாவும், குழந்தையை மயக்கிய மிட்டாயும் ஒரே தராசில்! ஏழாண்டு வேலி இல்லாமல் விட்டவர்கள் ஒரே இரவில் மதில் எழுப்புகிறார்கள். நட்டமடையப் போவது ஓட்டையில் சம்பாதித்து ஒதுங்கியவனா, நிலத்தில் விதைத்து நிற்பவனா? பிள்ளையைக் கிள்ளியதும் அவர்களே. தொட்டிலை ஆட்டுவதும் அவர்களே!

உழைப்பாளியின் இலை

இனி இரண்டாவது சரக்குக்கு வருவோம். அந்தப் பச்சைத் தூளின் பெயர் கிராட்டம். மலாய்க்காரர் கெத்தும் என்பர். காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. தாய்லாந்தின் தெற்கிலும் மலேசியாவின் வடக்கிலும் வளர்வது. வயலில் குனிந்தவன், ரப்பர் மரம் சீவியவன், கடலில் வலை இழுத்தவன், வெயிலும் வலியும் தாங்க இதன் இலையை மென்றான். கொதிக்க வைத்துக் குடித்தான். மாளிகைவாசி கண்டுபிடித்த சுகம் அல்ல. உழைத்து உழைத்து ஒடிந்த முதுகு தேடிக்கொண்ட ஊன்றுகோல். ஊன்றுகோலே சில சமயம் விலங்காகவும் ஆகும். நாள்தோறும் அதிகமாக எடுப்பவனை அந்த இலை அடிமைப்படுத்தும். நிறுத்தினால் உடல் நடுங்கும். இதை நாம் மறைக்கப் போவதில்லை.

தாய்லாந்து அரசு 1943-இல் இந்த இலையைத் தடை செய்தது. ஏன்? அந்நாளில் அபினி விற்பனை அரசாங்கத்தின் வருமானம். அபினிக்கு வரி உண்டு. மரத்திலே தொங்கும் இலைக்கு வரி இல்லை. அபினி வாங்க முடியாதவன் இலைக்குப் போனான். கஜானாவிலே துளை விழுந்தது. தடைக்குப் பின்னே இந்தக் கணக்கும் இருந்தது என்று வரலாறு எழுதுவோர் சொல்கிறார்கள். எழுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்ட் 24-இல், தாய்லாந்து தன் தடையைத் தானே எடுத்தது. ஆயிரக்கணக்கானோர் மீதிருந்த வழக்குகள் கைவிடப்பட்டன. மறு ஆண்டு தனிச் சட்டம் செய்து, பதினெட்டு வயதுக்குக் கீழே விற்காதே என்றது. தடை போட்ட நாடே தடையை விட்டு ஒழுங்குமுறைக்கு வந்த கதை இது.

அமெரிக்காவிலோ அந்த இலை தூளாகிக் குளிகையாகி வந்திறங்கியது. வாங்கியவர் யார்? முதுகுவலிக்கு டாக்டரிடம் போகக் காசில்லாதவர்; டாக்டர் கொடுத்த அபினி மாத்திரையிலேயே சிக்கி, அதிலிருந்து மீள வழி தேடியவர்; இரண்டு வேலை பார்த்துக் கண்ணயர நேரமில்லாதவர். 2016 ஆகஸ்டில் மத்திய போதைத் தடுப்புத் துறை இதை ஹெராயின் பட்டியலில் அவசரமாகச் சேர்க்கப் போவதாக அறிவித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்து மனுவில் கையெழுத்திட்டனர். அக்டோபரில் துறை அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பெற்ற பிறகு விதி வகுத்ததா? இல்லை! தடையும் இல்லை, விதியும் இல்லை. அனாதைச் சரக்காகச் சந்தையில் விட்டுவிட்டார்கள்.

விளைவு? 2018-இல் கிராட்டத்தூளில் கலந்திருந்த சால்மொனெல்லாக் கிருமியால் 41 மாநிலங்களில் 199 பேர் நோயுற்றனர். சரக்கைத் திரும்பப் பெற மறுத்த ஒரு கம்பெனிக்கு மத்திய உணவு மருந்துத் துறை கட்டாய உத்தரவு போட நேர்ந்தது. அந்த அதிகாரத்தை அது அப்படிப் பயன்படுத்தியது அதுவே முதல் தடவை. அவர்களை வீழ்த்தியது இலையின் குணம் அல்ல, ஆலையின் அழுக்கு!

சாவு கிடையாதா என்பீர்கள். உண்டு. 2016 ஜூலை முதல் 2017 டிசம்பர் வரை, 27 மாநிலங்களில், அளவு மீறிய போதையால் நேர்ந்த 27,338 சாவுகளை மத்திய நோய்த் தடுப்பு மையம் ஆராய்ந்தது. கிராட்டம் உடலில் இருந்தது 152 பேருக்கு. அது சாவுக்குக் காரணம் என்று எழுதப்பட்டது 91 பேருக்கு. அவர்களிலும் பெரும்பாலோர் உடலில் ஃபென்டனில், ஹெராயின் போன்ற வேறு நஞ்சுகளும் இருந்தன. கிராட்டம் ஒன்றே தென்பட்டது ஏழு பேருக்கு. 91 என்பது சிறு தொகை என்று நாம் சொல்லமாட்டோம். ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் விளக்கு. ஆனால் எது எதோடு சேர்ந்தால் கொல்லும் என்று சீசாவின் மேல் இரண்டு வரி எழுதியிருந்தால், அவற்றிலே சில விளக்குகளாவது அணையாமல் இருந்திருக்கும் அல்லவா?

மறுபடியும் ஆலை!

இங்கேதான் இரு கதைகளும் ஒன்றாகின்றன. இலையிலே 7-ஓ.எச். என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு பொருள் துளியளவு உண்டு. அபினியின் வேலையைச் செய்யும் கூறு அதுதான். சி.பி.டி.யை டெல்டா-8 ஆக்கிய அதே மூளை, இலைச் சாற்றை ரசாயனத்தால் மாற்றி இந்தப் பொருளைத் திரட்டியது, மாத்திரையாக அச்சடித்தது, "கிராட்டம்" என்ற பழைய பெயரையே ஒட்டிப் பெட்ரோல் பங்கிலே வைத்தது. தோட்டத் தொழிலாளி மென்ற இலை வேறு. இந்த மாத்திரை வேறு. பெயர் மட்டும் ஒன்று. அங்கே ஹெம்ப் என்ற பெயருக்குள் டெல்டா-8 ஒளிந்தது போல, இங்கே இலையின் பெயருக்குள் ஆலை ஒளிந்துகொண்டது.

யூட்டா மாநிலம் இந்த அபாயத்தை 2019-லேயே மோப்பம் பிடித்தது. சரக்கின் ஆல்கலாய்டுக் கூறிலே 7-ஓ.எச். 2 சதவீதத்துக்கு மேல் கூடாது, சிறுவருக்கு விற்காதே, லேபிள் ஒட்டு என்று சட்டம் செய்தது. மத்திய உணவு மருந்துத் துறை 2025 ஜூலையில்தான் திரட்டிய 7-ஓ.எச். சரக்கைத் தடைப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. நம் குறி இலை அன்று என்றும் சொன்னது.

அதையடுத்த ஆகஸ்டு மாதம் இரண்டு மாநிலங்கள் செய்ததை அருகருகே வைத்துப் பாருங்கள். புளோரிடா, திரட்டிய 7-ஓ.எச். சரக்கை மட்டும் அவசர விதியால் தடை செய்தது. இலைத் தூளுக்கு ஏற்கெனவே 2023-இல் இருபத்தொரு வயது வரம்பு போட்டிருந்தது. லூசியானா, இலை, தூள், மாத்திரை என்று வேறுபாடு பாராமல் அனைத்தையும் தடை செய்து, கையில் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. முன்னது ஆலையைப் பிடித்தது. பின்னது இலையைப் பிடித்தது. ரோட் ஐலண்ட் மாநிலமோ தன் பழைய தடையைக் கைவிட்டு, 2026 ஏப்ரல் முதல் விதிகளோடு விற்கலாம் என்று 2025-இல் சட்டமே செய்தது.

இலைக்கும் பிசினுக்கும் வேறுபாடு காண்பது சட்டத்தால் ஆகாத காரியம் என்று எவரும் சொல்ல வேண்டாம். இந்திய நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், பூந்துணர் இல்லாத கஞ்சா இலையையும் விதையையும் தன் விளக்கத்துக்கு வெளியே வைத்து, பூவையும் பிசினையும் உள்ளே வைத்திருக்கிறது. அச்சட்டத்தின் மற்றக் குறைகள் வேறு கதை. வேறுபாடு காண முடியும் என்பதற்கு அது போதும்.

தடை ஒன்றே போதாதா?

"ஏன் இத்தனை சுற்று? அடியோடு தடை செய்தால் தீர்ந்ததே!" என்று நம் தோழர்களிலே சிலர் உண்மையான கொதிப்போடு கேட்பார்கள். குடியால் குடும்பம் அழிந்ததைக் கண்ட கண்கள் அப்படித்தான் கேட்கும். அந்தக் கொதிப்பை நாம் மதிக்கிறோம். அவர்கள் முடிவை ஏற்க முடியவில்லை.

ஒட்டுமொத்தத் தடை வந்த மறுநாள் என்ன நடக்கும்? கம்பெனிக்காரன் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த மாநிலத்துக்குப் போவான். அல்லது ரசாயனத்திலே ஒரு கண்ணியை மாற்றிப் புதுப் பெயர் சூட்டுவான். டெல்டா-8 போனால் டெல்டா-10. அதுவும் போனால் இன்னொன்று. போலீஸ் வண்டி நிற்கப்போவது அவன் ஆலை வாசலில் அல்ல. இரவு வேலை முடித்துத் திரும்புபவனின் சட்டைப்பை முன்னே! வக்கீல் வைக்க அவனுக்கு வசதி ஏது? ஒரு தடவை சிறை சென்றவனுக்கு மறுபடி வேலை ஏது? வலி போகவில்லை, வேலை போயிற்று!

1920 முதல் 1933 வரை அந்த நாடு மதுவைத் தடை செய்து பார்த்தது. கள்ளச்சரக்குக் கூட்டம் கொழுத்தது. நஞ்சு கலந்த சாராயத்தைக் குடித்து ஏழை செத்தான். அதற்கு முன் 1906-இல் அதே நாடு செய்த இன்னொரு காரியம் உண்டு. சர்வரோக நிவாரணி என்று கூவி விற்ற சீசாக்களிலே மது, அபினி, மார்ஃபின், கொக்கெயின், கஞ்சா இருந்தால் அதை லேபிளில் எழுதியே தீரவேண்டும் என்று சட்டம் செய்தது. குழந்தையின் வயிற்றுவலிக்கு வாங்கிய மருந்திலே அபினி இருக்கிறது என்று தாய்மார்கள் படித்துத் தெரிந்துகொண்ட நாள் அது. அந்தப் பாடத்தை நூறாண்டு கழித்து மறந்துபோனார்கள் என்பதே நம் வருத்தம்.

"எங்கள் சரக்கு இயற்கைச் சரக்கு, மக்கள் சுதந்திரத்தில் கைவைக்காதே!" என்று கூவும் வியாபாரிக்கும் ஒரு சொல். ஐயா, எட்டிக்காயும் இயற்கைதான்! என்ன தின்கிறோம் என்று தெரியாமல் தின்பதா சுதந்திரம்? உன் சீசாவில் உள்ளதை எழுதச் சொன்னால் உனக்கேன் உடல் பதறுகிறது?

நாம் கேட்பது

அந்நாட்டு மாநிலங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்து நாம் திரட்டிச் சொல்வது இவ்வளவுதான்.

சரக்கு செய்பவன் பெயரும் விலாசமும் அரசாங்கப் பதிவேட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு கொதிப்பும் சோதிக்கப்படட்டும்; சோதிக்கும் கூடம் செய்பவனின் கைக்கூலியாக இருக்கக் கூடாது. சதவீதம் என்ற மாயக் கணக்கு ஒழியட்டும். ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம், ஒரு பொட்டலத்துக்கு எத்தனை என்று படிக்கும் எழுத்தில் இருக்கட்டும். குழந்தை மிட்டாய் உருவம் வேண்டாம்; இருபத்தொரு வயது வரம்பு இருக்கட்டும். ஆலையில் மாற்றி ஆக்கிய எந்தப் பொருளும், பெயர் எதுவானாலும், புது மருந்தாகவே கருதப்படட்டும். தீங்கில்லை என்று செய்பவன் நிரூபித்த பிறகே சந்தை. மீறினால் அபராதமும் சிறையும் செய்தவனுக்கும் அறிந்தே விற்றவனுக்கும். பையில் இலை வைத்திருந்த உழைப்பாளிக்கு டாக்டர்; சிறை அல்ல.

இவற்றைக் காக்க இன்ஸ்பெக்டர் வேண்டும், சோதனைக் கூடம் வேண்டும், பணம் வேண்டும். அதை அந்தச் சரக்கின் லாபத்திலிருந்தே வரியாக எடுக்கலாம். இன்ஸ்பெக்டர் இல்லாத சட்டம் சோளக்கொல்லைப் பொம்மை. முதல் நாள் காக்கை பயப்படும், மூன்றாம் நாள் அதன் தலையிலேயே உட்காரும்!

இத்தனையும் செய்தாலும் ஒரு கேள்வி மிச்சம். அந்தத் தொழிலாளி பெட்ரோல் பங்கிலே ஏன் மருந்து தேடினான்? முதுகு வலித்தது. ஓய்வு கிடைக்கவில்லை. டாக்டர் கட்டணம் கைக்கு எட்டவில்லை. நியாயமான கூலியும், படுக்க ஒரு நாள் லீவும், போக ஓர் ஆஸ்பத்திரியும் இருந்திருந்தால் அந்தச் சீசாவின் பக்கம் பாதிப்பேர் திரும்பியிருக்கமாட்டார்கள் என்பதே நம் எண்ணம்.

தோழர்களே! எந்த நாட்டிலும், எந்தச் சரக்கின் பேரிலும், "மக்கள் நலனுக்காக" என்று ஒரு சட்டம் வரும்போது உடனே கைதட்டவும் வேண்டாம், உடனே கல்லெறியவும் வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். இது யாரைப் பிடிக்கும்? யாரை விடும்? யார் காவல் நிற்பார்? மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால் ஆதரியுங்கள். கிடைக்காவிட்டால், கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். இலை மரத்திலே இருக்கிறது, எங்கும் ஓடிவிடாது. ஓடுவது ஆலைக்காரன். பிடிக்க வேண்டியது அவனை!